இரண்டு கிலோ முந்நூறு

'சூரியன் மறைந்த பிறகு வாயில் எதையும் வைக்காதே'
என்று பெர்கனிலிருந்து எழுதுகிறாள் நாத்தனார் தூர்பியோர்க்.
எழுதிய தேதி ஜூன் ஒன்பது.

இங்கே வார்டோவில்
மே மாதம் ஏறிய சூரியன் இன்னும் இறங்கவில்லை.
நடுநிசிக்குக் கடலின் விளிம்புவரை வருகிறது,
எதையோ மறந்து வைத்தவன்போல்
திரும்பிப் போய்விடுகிறது.
அவள் சட்டப்படி
ஜூலை கடைசிவரை நான் நிறுத்தாமல் தின்னலாம்.
அதே சட்டப்படி
நவம்பர் முடிவில் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
ஜனவரியில் வெளிச்சம் வரும்வரை
சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

காலையில் ராணிபோல் சாப்பிடு,
இரவில் பிச்சைக்காரிபோல், என்றும் எழுதியிருக்கிறாள்.
மீன் ஆலைக்குள் இரவு பத்துக்கு நுழைகிறேன்.
ஆறு மணிக்கு வெளியே வருகிறேன்.
ஆறரைக்குத் தடித்த திரையை இழுத்துவிட்டு
நின்றபடியே நான் விழுங்கும் ரொட்டி
ராணியுடையதா, மற்றவளுடையதா?

என் வேலை எடை போடுவது.
பத்தொன்பது வருஷம்.
உறைந்த காட் துண்டுகளின்மேல்
கண்ணாடிபோல் ஒரு பனிப்பூச்சு இருக்கும்.
அதைக் கழித்துவிட்டுத்தான் ரசீது எழுதுவோம்.
தண்ணீர் எடையாக நடிக்கும்,
எனக்குத் தெரியும்.

ஆனாலும் தலை வெட்டும் மேசையிலிருந்து தனூத்தே
'முட்டைக்கோஸ் சூப், நாலே நாள், மூன்று கிலோ!' என்று
கையுறையோடு கைதட்டியபோது
நான் வாய் திறக்கவில்லை.
நாலாவது வாரம் அந்த மூன்றும் திரும்பி வந்தன,
கூட ஒன்றை அழைத்துக்கொண்டு.
முன்பே சொல்லியிருக்கலாம்.
ஆனால் அன்று என் குடுவையிலும்
எலுமிச்சை பிழிந்த வெந்நீர் இருந்தது.
கொழுப்பைக் கரைக்குமாம்.
கரைந்தது பல்லின் மேல்பூச்சு என்றார் பல் டாக்டர்.

உருளைக்கிழங்கை விட்டேன்.
வெண்ணெயை விட்டேன், பிறகு பிடித்தேன்,
வெண்ணெய்தான் மருந்து என்று அடுத்த கடிதம் வந்ததால்.
வியர்த்தால் இளைக்கலாம் என்று
மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு
கோட்டையைச் சுற்றி ஓடினேன்.
கடற்காகங்கள் மட்டும் பார்த்தன.
வாயைக் கட்டினேன், வயிற்றைக் கட்டினேன்.
குளியலறைத் தராசு எண்பத்து நாலிலேயே நின்றது,
வட்டிக்கடைக்காரன் முகம்போல.

ஆலைத் தராசுகளைச் சோதிக்க
வருஷம் ஒருமுறை கிர்க்கெனெஸிலிருந்து ஐலிஃப் வருவார்.
எடைக்கற்களைக் கையுறை போட்டுத்தான் தூக்குவார்.
விரல் ரேகையின் எண்ணெய்கூட எடைதான் என்பார்.
இந்த முறை நான்
துணிப்பையில் சுற்றி ஒன்றைக் கொண்டுபோனேன்.
'இது ஆலையுடையது இல்லையே?'
'இல்லை.'
மேற்கொண்டு எதுவும் கேட்காமல்
இருபது, இன்னொரு இருபது, இன்னொன்று, இன்னொன்று.
எண்பது கிலோ இரும்பு
என் குளியலறைத் தராசில் ஏறி நின்றது,
பெருமூச்சு விடாமல், வயிற்றை எக்காமல்.

எண்பத்திரண்டு புள்ளி மூன்று.

'கூட்டிக் காட்டுகிறது' என்றார்.
அவ்வளவுதான் சொன்னார்.
இரும்புக்கு அது வருத்தம் தரவில்லை.
எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன்.
வரவில்லை.
இல்லாத இரண்டு கிலோ முந்நூறுக்காக
இரண்டு கிறிஸ்துமஸ் கேக்குகளுக்கு
முகம் திருப்பியிருந்தேன்.
என் பிறந்த நாளன்றும், ஞாபகம் இருக்கிறது,
வெள்ளரிக்காய்.

மீதி எடை மீதியாகவே இருக்கிறது.
படி இறங்கினால் இடது முழங்கால்
இன்னும் புகார் சொல்கிறது,
அது பொய் சொல்வதில்லை.
அதற்காகக் கொஞ்சம் குறைத்துத் தின்கிறேன்,
கொஞ்சம் நடக்கிறேன், மழைச்சட்டை மழைக்கு மட்டும்.
மாதத்துக்கு அரைக் கிலோ போகிறது.
சில மாதம் போவதில்லை.
இதைக் கடிதத்தில் எழுதினால் யார் படிப்பார்கள்?

நேற்று விடுமுறை இரவு.
பன்னிரண்டரை மணி, ஜன்னல் முழுக்க வெயில்.
தனூத்தே பிடித்து வந்த மீனை வேகவைத்து
ஆளுக்கு மூன்று உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டோம்.
தோலோடு.
நாலாவதை நான் எடுக்கவில்லை.
பசி தீர்ந்திருந்தது.